ஒத்தி வீட்டு வாசல்

என் பொங்கல் பானையைக் காலால் தள்ளியவளை நான் மன்னிக்கவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறிவிடுவேன் என்று யாரும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம்.

அவள் என் கணவரின் அண்ணி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? மனசுக்குள் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத முடியாது.

பதுளையில் கடைவீதிக்குப் பின்னால் சரிவில் இறங்கும் சந்தில் எங்கள் வீடு இருந்தது. மாமனார் சாகும்போது ஜவுளிக்கடையை மூத்த மகனுக்கும் வீட்டை இளைய மகனுக்கும் எழுதிவைத்தார். இளையவர்தான் என் கணவர். தெமோதரையில் ஒரு பலசரக்குக் கடை போட்டு, தோட்டத்து ஜனங்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்தார். தீபாவளிக் கடனைப் பொங்கலுக்குக் கேட்கலாம் என்பார். பொங்கல் வந்ததும், "நல்ல நாளும் அதுவுமா எப்படிக் கேக்கிறது, பாவம்" என்பார். இப்படி நல்ல நாள் பார்த்துப் பார்த்தே கடை படுத்துவிட்டது. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் மிஞ்சியது. அதை அடைக்க வீட்டைத் தன் அண்ணனிடமே ஒத்திக்கு வைத்தார்.

ஒத்தி என்றால் வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாகப் பணம் கொடுத்தவர் அந்த வீட்டில் குடியிருந்துகொள்ளலாம். பணம் திரும்பி வரும் அன்று எழுந்து போகவேண்டும். ஐந்து வருடத்துக்குள் வராவிட்டால் வீடு அவர்களுக்கே சொந்தம் என்று உறுதிப் பத்திரத்தில் எழுதியாயிற்று. அவர்கள் தங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் முன்கட்டில் வந்து இறங்கினார்கள். நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். அங்கே ஓர் அறையும் தகரம் போட்ட அடுப்படியும் இருந்தன. அதுவும் அண்ணன் இரக்கப்பட்டு விட்ட இடம். மழை பெய்தால் அறையின் ஒரு மூலை ஒழுகும்.

அந்தத் தைப்பொங்கலுக்கு நான் பழைய நினைப்பில் விடியற்காலையில் முன்வாசலைக் கூட்டி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, மஞ்சள் கொத்துக் கட்டிய பானையை ஏற்றினேன். பால் இன்னும் சூடுகூட ஏறவில்லை. அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"யாரைக் கேட்டுடி இங்க அடுப்பு வச்ச?"

"பொங்கல் அக்கா. வாசல்லதானே வைக்கணும்?"

"யார் வாசல்? ஒத்தி குடுத்த வாசல் ஒத்தி வாங்குனவளுக்கு. லயத்துல பொறந்தவளுக்கு வாசல் என்னா வாசல்? போ, பின்னாடி கான் ஓரத்துல வச்சிக்க."

சொல்லிக்கொண்டே பானையைப் பாதத்தால் ஒரு தள்ளுத் தள்ளினாள். பால் கோலத்தின்மேல் கொட்டியது. பொங்கும் முன்னால் பால் கொட்டினால் என்ன அர்த்தம் என்று தமிழ் வீட்டில் பிறந்த எவளுக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தள்ளினாள். என் அப்பா தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. நான் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான், அதற்கென்ன? அந்த லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு ஒரே முற்றம். எவளும் எவள் பானையையும் உதைத்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் வந்து பார்த்தார். கவிழ்ந்த பானையை எடுத்தார். "விடும்மா, அண்ணிதானே" என்றார். அவருக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். புதுப்பெண்ணாக வந்த அண்ணிதான் சோறு ஊட்டி, தலை சீவி வளர்த்தாள். அந்தக் கதையை எனக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே சொன்னார். அதற்குப் பிறகும் ஆயிரம் தடவை சொன்னார். ஊட்டினாள் என்றால் அவருக்கு ஊட்டினாள். எனக்கா ஊட்டினாள்?

கான் ஓரத்தில், எச்சில் தண்ணீர் ஓடுகிற இடத்தில், அன்று நான் பொங்கினேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அந்த வாசல் வேண்டும். ஐந்து வருடமெல்லாம் காத்திருக்க மாட்டேன், மூன்றாவது பொங்கலை முன்வாசலில் பொங்கிக் காட்டுகிறேன் என்று அடுப்புச் சாம்பலைக் கையில் எடுத்துச் சத்தியம் செய்தேன்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று சொன்னவனுக்கு என் வீட்டு அடுப்படியைக் காட்டியிருக்க வேண்டும். கணவர் வேறொரு கடையில் கணக்கெழுதப் போனார். அவர் சம்பளம் கையில் வந்ததும் ஒரு பகுதியை எடுத்துப் பானைக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தில்தான் மாதத்தைத் தொடங்குவேன். கூப்பன் அரிசி ஒரு வேளைக்கு, மற்ற வேளைக்குக் கோதுமை மா ரொட்டி. அரைமூடித் தேங்காய் இரண்டு நாளைக்கு. முதல் நாள் பால் குழம்புக்கு, அடுத்த நாள் அதே தேங்காய்ப்பூவைத் திரும்பப் பிழிந்து வரும் வெள்ளைத் தண்ணீர் சொதிக்கு. விறகு வாங்கவில்லை. தோட்டத்தில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுக் குச்சிகளை என் அப்பா கட்டிக் கட்டி அனுப்பினார். தேயிலைத் தூளும் அங்கிருந்துதான் வந்தது. சீனியைத் தேத்தண்ணியில் கலக்க விடமாட்டேன். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கவேண்டும். கணவரின் சுருட்டை நடுவில் வெட்டி, காலைக்குப் பாதி, மாலைக்குப் பாதி என்று வைத்தேன்.

"சுருட்டைக்கூட ஒத்திக்கு வச்சிட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. வீடு வந்ததும் முழுசா குடிங்க."

விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்து பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். என் வளையல் போயிற்று, தோடு போயிற்று. சேலை கிழிந்தால் தைத்தேன், தைத்த இடம் கிழிந்தால் முந்தானையை மாற்றிக் கட்டினேன். முன்கட்டில் அக்கா தாளிக்கும்போது கருவாட்டு வாசம் சுவரைத் தாண்டி வரும். அந்த வாசத்தைத் தொட்டுக்கொண்டு நாங்கள் ரொட்டி தின்றோம். பசித்தபோதெல்லாம் அவள் பெட்டி படுக்கையோடு வாசலில் நிற்பதை நினைத்துக்கொள்வேன், பசி அடங்கிவிடும்.

அக்காவுக்கு ஒரு தொழில் இருந்தது. கடைவீதிப் பெண்களைச் சேர்த்துச் சீட்டு நடத்தினாள். மாதாமாதம் எங்கள் முன்கூடத்தில் கூடிப் பணம் போடுவார்கள். யார் அதிகக் கழிவு தள்ளிக் கேட்கிறாளோ அவளுக்கு அந்த மாதச் சீட்டு. எடுத்த பணத்தை அக்கா ஒரு மஞ்சள் துணியில் கொட்டைப்பாக்கோடு வைத்து முடிந்து கொடுப்பாள். அவள் முடிச்சு இரட்டை முடிச்சு, பார்த்தாலே தெரியும். அவள் கைராசியைப் பற்றி ஊரே பேசியது. கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறது நான். ஒருநாள் நானும் சேரட்டுமா என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால் சிரித்தாள். "குடியிருக்க வழியில்லாதவளுக்குச் சீட்டு ஒரு கேடா? தவணை தவறினா யாருகிட்டப் போய்க் கேக்கிறது?" என்றாள்.

சரி தாயே என்று தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மறுநாளே தேத்தண்ணிக் கடைக்கார அம்மாவின் பெயரில் என் பணத்தைப் போட்டுச் சேர்ந்தேன். அந்த அம்மாவுக்கும் அக்காவைக் கண்டால் ஆகாது. ஜவுளிக்கடையில் ஒரு சேலையை மாற்றித் தரமாட்டேன் என்று அக்கா விரட்டிய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது.

மூன்றாம் பொங்கல் நெருங்கியது. என் பானையில் ஆயிரம் சேர்ந்திருந்தது. ஐந்நூறு வேண்டும், சீட்டும் ஐந்நூறு. ஆனால் தீபாவளிக்கு முந்தின மாதங்களில் எல்லோரும் போட்டி போட்டுத் தள்ளிக் கேட்டார்கள். அப்படி எடுத்திருந்தால் பாதிதான் கைக்கு வந்திருக்கும். நான் மார்கழிக்குக் காத்திருந்தேன்.

மார்கழியில் எங்கள் சனம் சீட்டு எடுக்காது. கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, நகை வாங்க ஆகாது, பீடை மாதத்தில் வரும் பணம் வீட்டில் தங்காது என்பார்கள். வருடாவருடம் ஏலத்தில் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். அந்தப் பணம் தை பிறக்கும்வரை அக்காவின் கையில் கிடக்கும். அவள் அதைப் புருஷனிடம் கொடுத்துவிடுவாள், பொங்கலுக்கு ஜவுளி எடுக்க. கேட்பார் இல்லை என்கிற தைரியம். அந்த வருடம் கூட்டம் கூடுமுன்பே கொழும்புக்குச் சரக்குக்கு எழுதி, கையிலிருந்த ரொக்கத்தையெல்லாம் அனுப்பிவிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது நன்றாகவே கேட்டது.

கூட்டத்தில் தேத்தண்ணிக் கடைக்கார அம்மா வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "இந்த மாசச் சீட்டை நான் எடுத்துக்கிறேன்."

"மார்கழியிலயா? உனக்கென்னா புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் அக்கா.

"அவசரத்துக்கு மார்கழி தெரியுமாக்கா? போட்டிக்கு ஆளில்ல. அஞ்சு ரூவா தள்ளிக்குங்க, மிச்சத்தைக் குடுங்க."

மூன்று நாளில் கொடுக்கவேண்டும் என்பது சீட்டு முறை. கொடுக்காவிட்டால் கைராசி போய், பெயர் போய், சீட்டே போய்விடும். மூன்றாம் நாள் அக்கா வெளியே போய்விட்டு வந்தாள். கையில் தங்க வளையல் இல்லை. அடகுக்கடைக்குப் போயிருக்கிறது. கண்ணாடி வளையலைக் கிலுக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். அன்றைக்கு நான் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தேன், சீனியைக் கலக்கியே குடித்தேன்!

அடுத்த நாள் காலையில் கணவரைக் கூட்டிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனேன். அவருக்குக் கால் வரவில்லை, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கணவரின் அண்ணன், மூத்தவர், நாற்காலியில் இருந்தார். அக்கா கதவோரம் நின்றாள். என் ஆயிரத்தையும் சீட்டில் குறைந்த ஐந்து ரூபாயையும் முதலில் வைத்தேன். பிறகு அந்த மஞ்சள் துணி மூட்டையை வைத்தேன். அவிழ்க்காத மூட்டை. உள்ளே கொட்டைப்பாக்குக்கூட அப்படியே இருந்தது.

"ஒத்திப் பணம். எண்ணிக்குங்க. அந்த மூட்டையை எண்ண வேணாம் அக்கா, அது நீங்க போட்ட முடிச்சுதான்."

அவள் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் குளிர்கிறது. வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது.

"மார்கழியில ஒத்தி மீட்டா குடும்பம் வெளங்குமா? தை பொறக்கட்டும்" என்றாள்.

"கடன் வாங்கத்தான் நல்ல நாள் பாக்கணும். குடுக்கிறதுக்கு எதுக்கு?"

மூத்தவர் நியாயஸ்தர். எண்ணி எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதிய நொத்தாரிசிடம் எங்களோடு வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர் அந்த நொத்தாரிசு. "தவணைக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னமே மீட்டுப்போட்டியள். கெட்டிக்காரர்தான்" என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். உறுதியை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மாசியில்தான் காலி செய்வார்களாம். "அதுவரைக்கும் தம்பி..." என்றார். கணவர் வாயைத் திறந்தார். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன்.

"தாராளமா இருங்க. பின்கட்டுல இருங்க. நாங்க இருந்த இடம்தான், மழைக்கு ஒரு மூலை மட்டும் ஒழுகும்."

பொங்கலுக்கு முதல் நாளே சாமான்களை மாற்றிக்கொண்டார்கள்.

விடிந்தது. முன்வாசலை அடைத்து ஒரு கோலம் போட்டேன். புதுப்பானை, புது அகப்பை, கட்டுக் கரும்பு. நமுனுகுலை மலைக்கு மேலே வெளிச்சம் வரும் நேரத்தில் பால் நுரைத்து மேலே வந்தது. கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. யாராலும் தள்ளப்படாமல், தானாக, அழகாக வழிந்தது. ஆண் குரல் சொன்னால்தான் நிறைவு என்று, "சொல்லுங்க!" என்று கணவர் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "பொங்கலோ பொங்கல்!" அவர் குரல்தான். சந்து வழியாகப் போய் எட்டிப் பார்த்தேன். கான் ஓரத்தில், நான் முன்பு வைத்த அதே கல்லில், அக்காவின் பானை இருந்தது. கோலம் இல்லை, கரும்பு இல்லை. என் கணவர் வேட்டியை மடித்துக் குந்தியிருந்தார். அக்கா சுடச்சுட அகப்பையிலிருந்து எடுத்து, ஊதி, அவர் கையில் வைத்தாள். அவர் தின்றார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

நான் கூப்பிடவில்லை. முன்வாசலுக்கு வந்து, அவருக்குப் போட்ட இலையை மடித்து ஓரமாக வைத்தேன். அப்போது எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் வாசலில், என் பொங்கலை, நான் ஒருத்தியே உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.