அறிக்கையின் ஏழாம் கட்டம்

சுபாஸ்கரனுக்குக் கிழமையில் ஏழு நாளும் விசில்தான். வேலைநாட்களில் பருத்தித்துறை பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்ட நடுவர். இரண்டு இடத்திலும் ஏச்சு விழும். "பஸ்காரன் ஏசிப்போட்டு யாழ்ப்பாணம் போயிடுவான். விளையாடுறவன் ஏசிப்போட்டு எனக்கு முன்னாலையே ஓடித்திரிவான். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாக ஊதுகிறார். அவருடைய கையெழுத்தை அவராலேயே திரும்ப வாசிக்க முடியாது என்பதால், ஆட்ட அறிக்கைகளை மனைவி உதயகலாதான் எழுதுவாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதிக்காட்டும் அதே உருண்டை எழுத்து. படிவத்தின் ஏழாம் கட்டத்தில், 'வீரர் பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதவும்' என்றிருக்கும். சுபாஸ்கரன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார். அவள் முகம் மாறாமல் எழுதுவாள். ஏச்சு அவருடைய தாயைப் பற்றியதாக இருந்தால் மட்டும் மாமியாரை நினைத்து ஒரு சிரிப்பு வரும். அதை அடக்கிக்கொண்டு எழுதுவாள்.

வைகாசியில் நடந்த ஓர் ஆட்டத்தில் கஜீவன் போட்ட கோலை அவர் ஓஃப்சைட் என்று மறுத்தார். கஜீவனுக்கு இருபத்திரண்டு வயது. கரையோரக் கழகமொன்றின் முன்வரிசை ஆட்டக்காரன். நேரே ஓடிவந்து, முகத்துக்கு முகம் நின்று, இரண்டே சொல்லில் ஏசினான். அது உதயகலாவைப் பற்றியது. சுபாஸ்கரன் சிவப்பு அட்டையைக் காட்டினார்.

பின்னேரம் மேசையில் படிவம் இருந்தது. ஏழாம் கட்டத்தில் பேனை நின்றது.

"என்ன சொன்னவன்?"

"தகாத வார்த்தை எண்டு எழுதும்."

"அப்பிடியே எழுதச் சொல்லியெல்லோ கிடக்கு. ஆர் பொடியன்?"

"கஜீவன்."

"எங்கடை முன்பள்ளிக் கஜீவனோ? தாய் சந்தையாலை வருமட்டும் என்ரை மடியிலை நித்திரை கொள்ளுறவன்?"

"ஓம், அவன்தான். எழுதுமப்பா."

அவள் அவரை ஒருதரம் பார்த்தாள். 'தகாத வார்த்தை' என்று எழுதினாள்.

சிவப்பு அட்டைக்கு ஓர் ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். நடுவரை ஏசியது நிரூபணமானால் ஒரு வருடத் தடை. சுபாஸ்கரன் அந்த ஒரு வருடத்தைத்தான் நம்பியிருந்தார். இதை விட்டால் மைதானத்தில் நிற்கிற ஒவ்வொருவன் வாயிலும் அந்தச் சொல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

லீக்கின் விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் சண்முகநாதன், ஓய்வுபெற்ற அதிபர். கஜீவன் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி இழுத்து, தன் கழகச் செயலாளர் செல்வநாயகத்தோடு வந்திருந்தான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா. கண் தெரியேல்லையோ அண்ணை எண்டு கேட்டனான். அவ்வளவுதான்."

கனடாவில் உள்ளவர்கள் பார்ப்பதற்காக ஆட்டம் முகநூலில் நேரலையாகப் போயிருந்தது. அதைப் போட்டுப் பார்த்தார்கள். கஜீவனின் வாய் அசைந்தது. கேட்டது அறிவிப்பாளரின் குரல்தான்.

"சுபாஸ்கரன், நீர் சொல்லும். சொல் இல்லாமல் நாங்கள் என்னெண்டு தடை போடுறது? இஞ்சை எல்லாரும் ஆம்பிளையள்தானே" என்றார் சண்முகநாதன்.

செல்வநாயகம் தன் கழகத்துக்குக் குறிப்பெடுக்கப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொன்னால் அது கூட்டக் குறிப்பில் ஏறும். பிரதி கழகங்களுக்குப் போகும். பொழுதுபடுமுன் ஊரிலுள்ள அத்தனை கைபேசிகளிலும் இருக்கும். சுபாஸ்கரன் அந்தப் பேனையைப் பார்த்தார்.

"என்னாலை சொல்லேலாது ஐயா."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது? நீரும் கொஞ்சம் பொடியளைக் கோபப்படுத்தாமல் நடத்தப் பாரும்."

இறுதியாட்டத்துக்கு அவரையே நடுவராகப் போட்டார்கள். வேறு ஆளில்லை. ஓர் ஆட்டம் வெளியே இருந்துவிட்டுக் கஜீவனும் வந்தான். பத்தாவது நிமிடத்தில் பக்கத்தால் ஓடும்போது அதே இரண்டு சொல்லை மெதுவாகச் சொன்னான். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டு, சுகம் விசாரிப்பதுபோலச் சொன்னான். சுபாஸ்கரனின் கை சட்டைப் பைக்குப் போனது. அட்டையைத் தொட்டது. திரும்பவும் அதே படிவம், அதே அறை, அதே திறந்த பேனை. கையை வெளியே எடுத்து, கோல் கிக் என்று காட்டினார்.

ஆட்டம் முடிவதற்குள் இன்னும் இரண்டு பேர் அதைச் சொன்னார்கள். ஒருவன் மற்றக் கழகத்துக்காரன்.

வீட்டில் மேசையில் படிவமும் பேனையும் தயாராக இருந்தன. உதயகலா பெயர்களையும் கோல்களையும் கேட்டு எழுதினாள். ஏழாம் கட்டம் வந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார்.

அவள் எழுதாமல் இருந்தாள்.

"கஜீவன் அண்டைக்குச் சொன்னதை மீன் சந்தையிலை அடுத்த நாளே எனக்குச் சொல்லிப்போட்டினம்" என்றாள். "தராசிலை மீனை வைச்சுக்கொண்டே சொன்னவை. நீங்கள் சொல்லியிருந்தா நான் அப்பவே எழுதியிருப்பன்."

சுபாஸ்கரன் சுவரைப் பார்த்தார்.

"இப்ப எழுதினாலென்ன?" என்று அவள் கேட்டாள்.

"இப்ப ஆருக்குக் காட்டுறது? நான் அட்டையே எடுக்கேல்லை."

அவள் குனிந்து, ஏழாம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். உருண்டையான, வடிவான எழுத்து. கையெழுத்துப் போடுவதற்காகப் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.