மிஸி கேட்ட இரண்டாவது கேள்வி

எங்கள் பழைய தாதி புனிதம் மிஸி போய்விட்டார் என்ற செய்தி நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தது. நான் வெளிநோயாளர் பகுதியில் இருந்தேன். எண்பத்திரண்டு வயது, எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாச இயந்திரத்தில், ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் அவரை அங்கே வைத்திருந்தவன் நான். அவரோடு வேலை செய்த உங்களுக்கு அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போர் முடிந்து தாதியர் தட்டுப்பாடாக இருந்தபோது, ஓய்வு பெற்றிருந்தவர் எங்களுக்காகத் திரும்பி வந்தார். நான் புதிய டொக்டர். நம்பிக்கையில்லை என்று நாங்கள் சொன்னால், மூச்சு இருக்கும்போதே ஆளை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் சனத்தின் வழக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த எண்பத்தொன்பது வயது அம்மா ஒருவருக்கு, வயதையும் இரத்தப் பரிசோதனைகளையும் பார்த்து, "தப்பமாட்டா" என்றேன். பிள்ளைகள் கொண்டுபோனார்கள். வீட்டில் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தாராம். கஞ்சி கேட்டுக் குடித்தாராம். மருந்து மட்டும் இல்லை.

மிஸி என்னைக் கிழித்துவிட்டார். "வயசை வச்சு என்ன சாத்திரமோ பாக்கிறியள்? ரெண்டு கிழமைக்கு முதல் அந்த மனுசி என்ன செய்துகொண்டிருந்தவ எண்டு கேட்டனீங்களோ? தானே கிணத்தில அள்ளிக் குளிச்சவவாம்!" பிறகு, "எங்க இருக்க விருப்பம் எண்டு அவவையும் கேக்கேல்லை" என்றார்.

முதல் கேள்வியை அன்றிலிருந்து நான் விட்டதேயில்லை. அதனால் தப்பி நடந்து வீடு போன முதியவர்கள் பலர். இரண்டாவதற்கு எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நிமோனியாவோடு மிஸியைக் கொண்டு வந்த அன்று, முதல் கேள்வியை அவர் மகனிடம் கேட்டேன். "போன கிழமை வரைக்கும் மிளகாய்க் கண்டுக்கு அம்மாதான் தண்ணி விட்டவ" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தப்புவா. கொண்டு போகாதேங்கோ."

குழாய் போடுமுன் மிஸி என் கையைப் பிடித்தார். "டொக்டர், என்னை வீட்டை விடுங்கோ."

"சும்மா இருங்கோ மிஸி. ரெண்டு கிழமையில மிளகாய் ஆயப் போவியள்."

அதன்பிறகு அவர் பேசவில்லை. தொண்டையில் குழாயோடு எப்படிப் பேசுவார்? ஐயோ, நான் கேட்காமலே பதில் சொன்ன மனுசியின் வாயை நானே அடைத்தேன்.

இன்று காலை மூன்றாம் கட்டிலில் தொண்ணூறு வயது ஐயா ஒருவர். "வீட்டை கொண்டு போறதோ, வச்சிருக்கிறதோ, டொக்டர்?" என்று மகள் அழுதார். மிஸியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த இரண்டாவது கேள்விதான். குனிந்து ஐயாவின் காதில் அதைக் கேட்டேன். அவருக்கு நினைவு தப்பி மூன்று நாள்.