போடியாரின் தலைப்பாவில் தொங்கிய கமரா

அடுத்த வீட்டு நியாஸ் சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருக்கிறான். கொண்டுவந்த சாமான்களுக்குள் ஒரு கமராவும், அதைக் கழுத்தில் மாட்டத் தனித்தனியாக வாங்கிய சில வார்களும் இருந்தன. "ஐயா, நீங்க அந்தக் காலத்துல படம் புடிச்ச ஆள்தானே. இதுல எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லுங்க" என்று எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தான். ஒன்று நைலோன். ஒன்று ரப்பர் வைத்துத் தைத்தது. இன்னொன்று தோல் மாதிரியே செய்த தோலில்லாத ஏதோ ஒன்று. நான் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். வாரை மோந்து பார்க்கிற கிழவனை அவன் எங்கே கண்டிருக்கப் போகிறான்!

ஒன்றிலும் மணமில்லை. இருந்ததெல்லாம் கடையின் மணம்தான். என் முதல் கமராவின் வார் அப்படியில்லை. எருமைத் தோலும் தேங்காயெண்ணெயும் என் கழுத்து வியர்வையும் சேர்ந்து அதற்கென்றே ஒரு வாடை இருந்தது. மாரி காலத்தில் அதில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். வெயிலில் காயவைத்தால் அப்பளம்போல் விறைக்கும். எண்ணெய் பூசினால் சட்டைக் கழுத்தெல்லாம் கறை. "நீ கமராவக் கட்டினதா, கமரா ஒன்னக் கட்டினதா?" என்று என் அக்கா கேட்பாள். இரண்டாவதுதான் உண்மை என்று எனக்கே தெரியும்.

அந்தக் கமரா என்னிடம் வந்தது ஏலத்தில். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். நான் மேசை வாங்கப் போய் மடக்குக் கமராவோடு வீடு திரும்பினேன். மூடினால் ஒரு புத்தகம் அளவு. திறந்தால் மூக்கு நீளும். அந்த மூக்கு தோலில் மடிப்பு மடிப்பாகச் செய்த துருத்தி. வந்தபோதே வார் இற்றுப்போயிருந்தது. புளியந்தீவில் ஒரு சப்பாத்துத் தைக்கிறவர் எருமைத் தோலில் புதிதாக ஒன்று செய்து தந்தார். பார்வைக்கு யானை கட்டலாம். ஆனால் வளையத்தில் மாட்டுகிற இடத்துத் தையல் ஒரு நாள் தோணியில் பிரிந்துவிட்டது. நல்ல காலம், கமரா வாவியில் விழவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் கருவாட்டு ஓலைக் கடகத்துக்குள் விழுந்தது. அதன் பிறகு நெடுநாள், படத்துக்கு இருக்க வந்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சுளித்தபடியே இருந்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் முகங்கள் கடுகடுவென்று இருப்பதற்கு நான் வேறு காரணம் தேடுவதில்லை.

அதே வாரைத்தான் திரும்பத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பழுகாமத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா என் படக் கடைக்கு வந்தார். ஒரு பெரிய போடியாரின் மனைவி. வயல்காரர்களில் பெரிய கையைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எங்கட ஆள ஒரு படம் புடிக்க வேணும். அப்போதிக்கரி ஐயா நெஞ்சில கொழாய வெச்சிப் பாத்துட்டு என்னத் தனியக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார். அடுத்த வேளாண்மைய அவர் காணமாட்டாராம்."

கடைக்குக் கூட்டிவாருங்கள் என்றேன். கடையில் அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைச்சீலை இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் போட ஒரு கோட்டும் இருந்தது. ஒல்லியான ஆளென்றால் முதுகுப் பக்கம் ஊசி குத்துவோம்.

"ஒங்கட கோட்டுப் போட அவர் வரமாட்டார். சூடு மிதிக்கிற களவெட்டியில, நெல்லுப் பொலிக்கிட்ட நிக்கக்குள்ள புடிச்சாச் சரியாம். வேற எங்கயும் ஏலாதாம்." சொல்லிவிட்டுத் திரைச்சீலையைப் பார்த்தார். "எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல தம்பி. அந்த முகத்தக் கொண்டு நடக்கிறதுக்கு வேற முகம் இல்ல. அவர் போனா மறுகா அது எங்க இரிக்கும்?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. அதுவரை நான் படம் பிடித்தது பொழுதுபோக்கும் பிழைப்பும் கலந்த ஒரு விளையாட்டு. அன்றைக்குத்தான் கமரா பாரமானது.

மறுநாள் காலையில் வாவியைக் கடந்து, அக்கரையில் மாட்டு வண்டி பிடித்து, நெல் வட்டைக்குப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டி முடிந்த வயல். அந்த நேரத்து வாவிக்கரை வெளிச்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலில் மஞ்சள் கரைத்ததுபோல், எதன் மேலும் முழுதாகப் படாமல் மிதந்துகொண்டிருக்கும். வண்டிச் சில்லின் சத்தத்தில் நான் பாதித் தூக்கத்தில் போனேன். நெற்கதிரைச் சூடு மிதிக்கிற மாடுகள் சுற்றிச் சுற்றி நடப்பதும், வைக்கோல் தூசி எழும்பி அப்படியே நிற்பதும், மிதிக்கிறவர்களின் பாட்டு காற்றில் வருவதும் போவதும் எல்லாம் கனவில் கண்டதுபோலத்தான் இப்போதும் இருக்கிறது.

கனவைக் கலைத்தது முல்லைக்காரனின் குரல். வயல் வேலையாட்களுக்குத் தலைவரை அப்படித்தான் சொல்வோம். "தம்பி, அங்கினயே நில்லுங்க! சப்பாத்தக் கழட்டுங்க!"

நான் பட்டணத்துப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு நெல் சாக்கில் வரும்; அதற்கு முந்திய கதை எனக்குத் தெரியாது. நெல்லை மிதித்துப் பொலியாகக் குவிக்கிற களவெட்டி கோயில் மாதிரி. பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. செருப்போ தோலோ உள்ளே போகக்கூடாது. சப்பாத்தைக் கழற்றினேன். அவருடைய கண் என் கழுத்துக்கு வந்தது.

"அதென்ன? தோலா?"

"எருமைத் தோல்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"செத்த மாட்டுத் தோலத் தொங்கப் போட்டுக்கிட்டா பொலிக்கிட்ட வாற?"

வாரும் கமராவின் தோலுறையும் வரம்போரத்து மருத மரத்துக் கொப்பில் ஏறின. அப்போது அவர் கமராவின் துருத்தியைப் பார்த்துவிட்டார். "இதுவும் தோல்போலக் கிடக்கே!" மூக்கைக் கழற்றி மரத்தில் தொங்கவிட்டால் நான் எதைக் கொண்டு படம் பிடிப்பது?

போடியார் வந்தார். நெடுத்த ஆள். நெஞ்சு உள்ளே விழுந்திருந்தது. தலையில் பெரிய வெள்ளைத் தலைப்பா. அந்த வட்டையில் அவரைத் தலைப்பா இல்லாமல் கண்டவர் கிடையாது என்று வண்டிக்காரன் சொல்லியிருந்தான். சிரித்துக் கண்டவரும் கிடையாதாம். விசயத்தைக் கேட்டார். யோசித்தார்.

"மத்தளம் தோல்தானே? அம்மன் கோயில்ல அடிக்கல்லியா? இது வரட்டும்."

"அப்ப வாரும் வரலாமே, போடியார்?" என்றேன் ஆசையோடு.

"மத்தளம் வேல செய்யிது. வார் சும்மா தொங்குது."

எல்லாரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தேன்.

பொலியும் ஆளும் படத்தில் ஒன்றாக விழவேண்டுமென்றால் பக்கத்தில் இருந்த காவல் பரணில் ஏறவேண்டும். ஏற இரண்டு கையும் வேண்டும். கமராவை என்ன செய்வது? முல்லைக்காரன் வைக்கோல் புரி ஒன்றைத் திரித்து, கமராவை அதில் கோத்து என் கழுத்தில் போட்டார். போட்ட உடனே நான் சொறிய ஆரம்பித்தேன். போடியார் அதைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தித் தலைப்பாவை அவிழ்த்தார்.

பெரிய மனிதர் ஒருவர் குளிக்கிற இடத்துக்குத் தெரியாமல் வந்துவிட்டவர்கள்போல ஆட்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் அந்தச் சீலையின் இரண்டு முனையையும் கமராவின் இரண்டு வளையத்திலும் கோத்து, மாடு கட்டுகிற முடிச்சுப் போட்டு, என் கழுத்தில் மாட்டிவிட்டார். "இனி விழாது, ஏறு."

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதைவிடச் சுகமான வார் அதற்கு முன்னும் பின்னும் என் கழுத்தில் கிடந்ததில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன பழைய பருத்தி. கை அகலத்துக்கு விரிந்து பாரத்தைத் தோள் முழுவதும் பரப்பிவிட்டது. வெட்டவில்லை, வழுக்கவில்லை. வேர்வையும் சுருட்டுப் புகையும் நெல் தூசியும் மணந்தன. ஒரு கணம் அப்படியே பரணில் சாய்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

மேலே போனதும் சீலையை அவிழ்த்துக் கீழே போடத்தான் நினைத்தேன். அவர் கட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று. முடிச்சு அசையவில்லை. மாடு இழுத்தாலும் அவிழாத முடிச்சை என் பட்டணத்து விரல் எங்கே அவிழ்க்கும்? போடியார் இருமிக்கொண்டே, "கிடக்கட்டும், எடு தம்பி" என்றார். படச்சுருளில் கடைசிப் படம் மட்டுந்தான் மிச்சம்.

"அசையாம நில்லுங்க! இந்த ஒண்டோட முடிஞ்சிது!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

முடிந்தது என்ற சொல் காதில் விழுந்தால் நெல் குறைந்துபோகும் என்பார்கள்; பொலி இருக்கும் இடத்தில் நின்று அதைச் சொல்கிறவனை என்ன செய்வது! முல்லைக்காரன் துள்ளி எழும்பி, என் வார்த்தை குவியலில் விழுமுன் துரத்துகிறவர்போல இரண்டு கையையும் வீசி, "பொலி! பொலி! பொலியோ பொலி!" என்று கூவினார். நெல் பெருகட்டும் என்று மற்றவர்களும் சேர்ந்து கூவினார்கள். நான் பயந்து ஒரு கையால் பரண் காலைக் கட்டிப் பிடித்தேன். போடியார் அண்ணாந்து பார்த்தார். அடி வாங்கிய குரங்குபோல் நான் தொங்குவதைக் கண்டு சிரித்துவிட்டார். வாய் நிறைந்த, கண் மூடிய சிரிப்பு. என் விரல் தானாக அழுத்திவிட்டது.

படம் போடுகிற கடதாசி கொழும்பிலிருந்து வரவேண்டும். காத்திருந்த நாட்களில் நான், போடியார் அன்றைக்கே முடிச்சவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்ட அந்தச் சீலையின் சுகத்தை மறக்கமுடியாமல் காத்தான்குடிக்குப் போய், நெசவுக்கார ஆதங்காக்காவிடம் பருத்தியில் ஒரு வார் கேட்டேன். "மாப்புளைக்கி அரைப்பட்டி மாதிரிப் போட்டுத் தாறன் தம்பி" என்றார். சொன்னபடியே ஊதாவும் பச்சையும் கரை வைத்து, தூரத்தில் வரும்போதே கலியாணம் வருகிறது என்று தெரியும்படி செய்து தந்தார். ஊர் சிரித்தாலும் கழுத்துக்கு நோவில்லை. நியாஸுக்கும் அந்த வாரை நினைத்துத்தான் சொன்னேன்: அகலமானதை எடு, வேர்வையில் வழுக்காததை எடு, அழகைப் பார்க்குமுன் வளையத்தோடு சேருகிற இடத்தை இழுத்துப் பார்.

கடதாசி வருமுன் போடியார் செத்துப்போனார்.

படத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். படத்தில் வெறுந்தலை. நெற்றியில் தலைப்பா இருந்த இடம் வெளுத்து, அதற்குக் கீழே கறுத்த முகம். மூடிய கண். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். படம் கை மாறிக்கொண்டே போனது. கடைசியில் அவருடைய தம்பிதான் வாயைத் திறந்தார். "இதாரு? இது எங்கட அண்ணன் இல்லியே. தலைப்பாவும் இல்லாம, பல்லும் தெரிய... இத எப்பிடிக்கா சுவரில மாட்டுற?"

அந்த அம்மா படத்தை வாங்கினார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது ஒரு சின்னச் சிரிப்பு.

"ஒங்களுக்குத் தெரியாதுதான்" என்றார் கொழுந்தனிடம். "இது பொழுதுபட வீட்டுக்க வந்து, தலைப்பாவக் கழட்டி என்ட கையில தந்துட்டுச் சிரிக்கிற ஆள். நீங்க ஒருத்தரும் காணல்ல."

பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தம்பி, இத நீங்க எப்பிடிக் கண்ட?"

படம் சுவருக்குப் போகவில்லை, பெட்டகத்துக்குள் போனது. படச்சுருளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "வேற ஒண்டு ஒருத்தருக்கும் போட்டுக் குடுக்கப்படா" என்றார். ஒரு படக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது என்று புரிய எனக்கு வயது போகவேண்டியிருந்தது.

அவரும் போய்ச் சேர்ந்து நெடுங்காலமாகிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டபடியே படத்தையும் சுருளையும் நெஞ்சில் வைத்து அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வட்டையில் இப்போது மெசின் ஒரு பக்கம் நெற்கதிரை விழுங்கி மறு பக்கம் நெல்லைத் துப்புகிறது. களவெட்டி இருந்த இடத்தில் உழவு மெசின்காரன் சப்பாத்துக் காலோடு நிற்கிறான்; பொலி என்று கூவ ஆளில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டவர்களில் நான் மட்டும் மிச்சம் என்று நினைக்கிறேன். அதைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அடிக்கடி கண்ணை மூடிப் பார்ப்பதுண்டு. போடியார் வருகிறார். பொலிக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறார். ஆனால் கொஞ்ச நாளாக அவர் சிரிப்பதில்லை. தலைப்பாவைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார்.