கலப்பு பிரேக்கில் முதலில் இறங்கியவள்

ரேவதி இறந்துவிட்டாள் என்று எங்கள் சைக்கிள் குழுவின் கோபால் போன் செய்தபோது நான் சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "டீச்சர், கடையிலயே மயங்கி வுழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் சைக்கிளுக்கு பிரேக் மாட்டி முடித்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை வெள்ளிமலையில நான் எறக்கிப் பாத்துட்டுத் தரேன் டீச்சர்" என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லில் அவள் தவறியது அந்த ஒருமுறைதான்.

கள்ளக்குறிச்சியில் அவள் சைக்கிள் கடைக்குப் போனவர்களுக்கு அவளுடைய சட்டம் தெரியும். டிஸ்க் பிரேக்கில் ஒரு பாகம் கெட்டால் அதே கம்பெனிப் பாகம் நம் ஊரில் சுலபத்தில் கிடைக்காது. மற்ற கடைகளில் முழு செட்டையும் மாற்று என்பார்கள். இவளோ கையால் அழுத்தும் லீவர் ஒரு கம்பெனி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் வேறொரு கம்பெனி, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் மூன்றாவது கம்பெனி என்று அளவு பார்த்துச் சேர்ப்பாள். தெருவில் ஓட்டிப் பார்த்த பிறகும் ஆளிடம் கொடுக்கமாட்டாள். எங்கள் குழு வெள்ளிமலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிளில் அவளே முதலில் இறங்குவாள். "மாட்டனவதான் மொதல்ல எறங்கணும்" என்பாள்.

என் பழைய சைக்கிளில் அவள் அப்படி இறங்கியபோது நான் மேலே அவளுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவில் அவள் மறைந்தாள். சற்று நேரத்தில் கீழிருந்து போன் வந்தது. "கெளம்பி வா டீச்சர், நல்லா புடிக்குது. பயந்துக்கினு ஜீப்புல கீப்புல ஏறிடாத."

எல்லாவற்றையும் கலப்பவள், லீவரிலிருந்து காலிப்பருக்கு அழுத்தத்தைக் கொண்டுபோகும் ஆயிலை மட்டும் கலக்கமாட்டாள். ஒருமுறை கோபால் வெளியூரிலிருந்து பெருமையாக ஒரு காலிப்பர் வாங்கி வந்தார். அவருடைய லீவருக்கு ஒரு வகை ஆயில், இதற்கு வேறு வகை. மறுநாள் மலைக்குப் போயாக வேண்டும் என்று சண்டை பிடித்தார். "உள்ள இருக்கற ரப்பர் உப்பிக்குங்க. இன்னா சொன்னாலும் மாட்டமாட்டேன்" என்று மறுத்தவள், தன் சைக்கிளையே அவரிடம் தள்ளிக் கொடுத்தாள். நாங்கள் மூச்சு வாங்க வெள்ளிமலை ஏறியபோது, பஸ்ஸில் வந்திறங்கி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கிண்டல் செய்தாள்.

அவள் போன பிறகு சென்ற ஞாயிறுதான் நாங்கள் மீண்டும் மலையேறினோம். கடைசியாக அவள் பிரேக் மாட்டிய என் சைக்கிளில்தான் போனேன். இறங்கும் நேரத்தில் கோபால் குறுக்கே நின்றார். "வேணாங்க டீச்சர். அவங்க எறங்கிப் பாக்காத பிரேக்கு. ஜீப்புல ஏத்தி எடுத்துக்கினு போய், முழு செட்டா மாத்திடலாம்."

"அவ மாட்டனது. நான் எறங்கறேன்" என்றேன்.

முதல் வளைவில் மெல்ல லீவரை அழுத்தினேன். சைக்கிள் சத்தமில்லாமல் அடங்கியது. அடுத்த வளைவிலும் அப்படியே. அவள் கைவேலையை நம்பி இறங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற பெருமையில் கண் கலங்கியது. பாதை தெரியவேண்டுமே என்று துடைத்துக்கொண்டேன். அவள் மாட்டிய பிரேக்கில் எங்கள் குழுவில் ஒருவரும் விழுந்ததில்லை. அந்தப் பேரைக் காப்பாற்ற இனி அவள் வரமுடியாது. முதலில் இறங்கும் அந்த வழக்கத்தை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

அவள் வழக்கமாக நிற்கும் வளைவில் நின்று, மேலே காத்திருந்த கோபாலுக்குப் போன் செய்தேன்.

"கெளம்பி வாங்க. நல்லா புடிக்குது."