வயிறு தெரிய ஒரு படம்

"சரி தம்பி, அந்தப் படத்துல கீற வயிறு நெஜ வயிறுதானா?"

தேநீர் இடைவேளையில் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தாட்சாயிணி கேட்கும் முதல் கேள்வி இது. எதிர்முனையில் கர்ப்பிணிகளைப் படம் எடுக்கிற ஏதாவது ஒரு ஸ்டுடியோக்காரர் இருப்பார். பேக்கேஜ், தீம், கவுன் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நின்றுவிடுவார். "என்ன மேடம் கேக்கறீங்க?" என்பார். அந்தத் தயக்கம் போதும், அவரை அங்கேயே கழித்துவிடுவாள். நேர்மையான ஆளாக இருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் வந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வெளியிலிருந்து வந்து இறங்கும் சாமான்களை அளந்து பார்த்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை மறு பக்கமும் பிரித்து வைக்க வேண்டும். சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிறவள் வேலை நேரம் முடிந்ததும் நம்பிக்கைக்காரியாக மாறிவிடுவாளா என்ன? ஆவடி ஸ்டேஷன் வாசலில் பூக்காரி முழம் போட்டுத் தந்த மல்லிகையைத் தன் கையால் மறுபடி ஒரு தடவை அளப்பாள். "உன் கை குட்டையா கீதும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் காசு கொடுப்பாள். பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்ஜியத்துக்கு வந்ததைத் தானும் பார்த்து, கணவன் வரதனையும் பார்க்க வைப்பாள். துணிக்கடையில் விலைச் சீட்டை நகத்தால் உரித்து, அடியில் பழைய விலை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவாள். பெரும்பாலும் இருக்காது. எப்போதோ ஒரு தடவை இருந்தது. அந்தக் கதையைக் கேட்காதவர்கள் கம்பெனியில் யாரும் இல்லை.

இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா "எல்லாம் நல்லா இருக்கு" என்றால் இவள் முகம் வாடிவிடுகிறது. "நல்லா கீதுன்னு இம்மாந் தபா சொல்றாங்களே, அதான் எனக்குப் பயமா கீது," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். வரதன் வண்டியை ஓட்டுவான். ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் அவன் வெல்டர். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், ஆறு மாதம் முடிகிற சமயத்தில் முதல் குழந்தை தங்காமல் போயிற்று. வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தார்கள், அந்த நாள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றோடு படம் எடுத்தால் கண் பட்டுவிடும் என்று மாமியார் ஜெகதாம்பாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்காமலே பட்டுத் தொலைத்தது. அவர்கள் குடியிருக்கும் வெள்ளானூரில் தெருவே வந்து துக்கம் கேட்டது. அப்புறம் அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்கள் கண்ணில் பட்டால் மருமகள் அழுவாள் என்று மாமியாரே அவற்றை எங்கோ ஒழித்துவிட்டார். நல்லதை நினைத்துத்தான் செய்தார். ஆனால் தாட்சாயிணிக்கு அது பொறுக்கவில்லை. "ஒரு உசுரு வந்துட்டுப் போய்கீது. வந்துச்சுன்றதுக்கு ஒரு அடையாளம் வேணாமா?" என்று வரதனைக் கேட்டாள். அடுத்த தடவை எது எப்படி ஆனாலும் முதலில் வயிறு தெரிய ஒரு படம் எடுத்துவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

தீர்மானம் இலவசம், படம் அப்படி இல்லை. தீபாவளி போனஸில் மாமியார் கண்ணுக்குத் தப்பி எட்டாயிரம் ஒதுக்கி வைத்திருந்தாள். அண்ணா நகர்க்காரர் பதினெட்டு என்றார். வானகரத்தில் செயற்கைத் தோட்டம் போட்டிருந்த இடத்தில் பன்னிரண்டு என்றார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. கவுன் வாடகை தனி, மேக்கப் தனி, ஏசி போட்டால் தனி, திருத்தாத படங்களும் வேண்டும் என்றால் அது வேறு. "எல்லாம் சேத்து எவ்ளோ?" என்று கேட்டு, தொகை வந்ததும், "இதுல இன்னும் எது சேரல?" என்று கேட்பாள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நிஜமான விலை வெளியே வரும்.

செலவைக் குறைக்க முதலில் வெட்டுப்பட்டவன் வரதன். கணவனும் படத்தில் நின்றால் ஆயிரத்து ஐந்நூறு அதிகம் என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். "நீங்க வேணாம்," என்று சொல்லிவிட்டாள். அவன் ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு வயிறு எப்பவும்தான் கீது. அப்புறமா எடுத்துக்கலாம்," என்றாள். வரதன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். ஞாயம் என்றுதான் பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் பட்டாபிராமில் கோபியின் ஸ்டுடியோ அகப்பட்டது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மாடி. ஆதார், பாஸ்போர்ட் படங்களும் சின்ன விசேஷங்களும் எடுக்கிற இடம். மேக்கப்புக்கு அவன் மனைவி ரேகாவே இருந்தாள். தாட்சாயிணி மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்றில் விரலை வைத்தாள்.

"இது தலைகாணி."

கோபி மறுக்கப் போய், மனைவியைப் பார்த்து, அசடு வழிந்தான். "ஆமாங்க்கா. மொதல்ல கஸ்டமரே இல்ல. ரேகாவத்தான் கட்டி நிக்க வச்சேன்."

"பார்த்தாலே தெரியுது. வயிறு மேல ஏறிக்கினு கீது, இடுப்பு நேரா கீது. எட்டு மாசத்துக்காரி இப்டி நிக்க மாட்டா. மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் நெஜம்தான்க்கா."

மாட்டிக்கொண்டதும் ஒப்புக்கொண்டான் என்பதால் அவனுக்கு அவள் கொஞ்சம் மதிப்பெண் போட்டாள். சொந்தப் புடவை, ரேகாவின் மேக்கப், எல்லாப் படங்களும் பென் டிரைவில், மொத்தம் ஆறாயிரம். இதில் இன்னும் எது சேரவில்லை என்று கேட்டுப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்திருந்தது.

அப்போதுதான் கோபி தன் வியாபாரத்தைக் கொஞ்சம் நீட்டினான். "இத்தோட பொறந்த கொழந்த ஷூட்டும் சேத்து எடுத்தா ஒம்போதாயிரம்க்கா. தனித்தனியா எடுத்தா ஆறும் ஆறும் பன்னெண்டு. முழுசா மூவாயிரம் மிச்சம்."

"இது மட்டும் போதும்."

அவளுக்குக் கணக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, பாவம், அவன் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினான். பூவில் அரை விரற்கடை குறைந்தால் சண்டைக்குப் போகிறவள் மூவாயிரம் ரூபாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது மட்டும்னு சொன்னேன் இல்ல?" என்றாள். குரல் கொஞ்சம் கடுத்துவிட்டது. வரதன் சுவரில் இருந்த கல்யாண ஜோடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேகா அவனையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். பிறகு புருஷனின் சட்டையைப் பின்னாலிருந்து லேசாக இழுத்தாள். "அக்கா சொல்றபடியே வச்சுக்கலாம். அட்வான்ஸும் வேணாம்க்கா. வர்ற அன்னிக்குத் துட்டு குடுத்தா போதும்," என்றாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். தாட்சாயிணிக்கோ சந்தேகம் வந்துவிட்டது. வண்டி இந்துக் கல்லூரி தாண்டும்வரை அடக்கிக்கொண்டு வந்தாள். "அட்வான்ஸ் வேணாம்ன்றாங்க. எங்கியோ இடிக்குதுங்க," என்றாள். "துட்டு வேணாம்னு சொல்ற கடைய நீங்க பார்த்துகீறீங்களா?" வரதன் பார்த்ததில்லை. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து ரேகாவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். முன்பணம் வாங்காததற்கு என்ன காரணம், கடைசி நேரத்தில் விலையை ஏற்றவா?

ரேகா காரணத்தைச் சொன்னாள். "அப்டில்லாம் இல்லக்கா. போன வருசம் ஒரு பொண்ணு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போச்சு. அப்புறம் கொழந்த தங்காம பூட்ச்சு. துட்டத் திருப்பிக் குடுக்கலாம்னு ரெண்டு பேரும் அவங்க ஊட்டுக்குப் போனோம். அது வாங்கிக்கல. கதவப் புட்ச்சுகினு, எங்கள உள்ளயும் கூப்புடாம, போவவும் சொல்லாம நின்னுகினு இருந்துச்சு. அதுலேருந்து வயித்துக்காரங்க கிட்ட முன்கூட்டி வாங்கறதே இல்ல."

தாட்சாயிணி கையிலிருந்த அளவுக் கருவியை மேசைமேல் வைத்தாள். அந்தக் கதவும் அந்தப் பெண் நின்ற நிற்பும் அவளுக்குத் தெரிந்தவைதான். "சரி. மேக்கப்புக்குத் தனியா இல்லியே?" என்றாள்.

"இல்லக்கா," என்றாள் ரேகா.

ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்கிற தோழி வீட்டு விசேஷம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தச் சந்தேக விஷயத்தில் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் ஒன்றும் கேட்காமல் மருமகளின் காதுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டு வைத்து அனுப்பினார்.

கோபி விளக்குகளை நிறுத்தி, திரையை இழுத்து, வழக்கம் போலத் தொடங்கினான். "கைய வயித்து மேல வைங்கக்கா. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. கண்ண மூடி, லேசா சிரிங்க."

"கை எதுக்கு?"

"எல்லாரும் அப்டித்தான்க்கா வைப்பாங்க. ஃபீல் வரும்."

"கைய வச்சா மறைக்குதே. எனக்கு ஃபீலு வேணாம், வயிறு தெரியணும். கையில்லாம எடு."

அவன் தொழிலில் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கிறவள் போல இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். சிரிப்பும் வரவில்லை. தராசு முள்ளைப் பார்ப்பது போல லென்ஸைப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, உட்கார்ந்து ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை வாங்கிப் பெரிதாக்கி, வயிறு முழுசாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நின்றாள். ரேகா, வரதனையும் ஒரு படத்துக்குக் கூப்பிட்டாள். தாட்சாயிணி உடனே திரும்பினாள். "அதுக்கு எவ்ளோ?" ஒன்றும் இல்லை என்று கோபி சத்தியம் செய்த பிறகே வரதன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். அந்த ஒரு படத்தில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஆறாயிரத்தை எண்ணிக் கொடுத்தாள். பென் டிரைவைக் கோபியின் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்த்துச் சரியென்று தலையாட்டினாள். வேலை முடிந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. வரதன் படிக்கட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"தம்பி, இன்னொண்ணு கீது. அதுக்கு எவ்ளோ ஆவும்னு சொல்லு," என்று தன் கைப்பேசியை நீட்டினாள்.

கம்பெனி ஆயுத பூஜை. இரண்டு வருடத்துக்கு முந்தியது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்த பிரஸ் மெஷினைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள். பின் வரிசையில் தாட்சாயிணி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நெஞ்சுக்குக் கீழே அவளை மெஷின் மறைத்துக்கொண்டிருக்கிறது.

"இதுல எனக்கு அஞ்சு மாசம்," என்றாள்.

வரதன் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. மேசையருகே வந்து குனிந்து பார்த்தான்.

கோபி படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கினான். உதவி செய்யத்தான் நினைத்தான். "மெஷினத் தூக்கிரலாம்க்கா. இப்ப எடுத்தோம் இல்ல, அதுலேருந்து வயித்த எடுத்து இங்க ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது."

"அது இந்தக் கொழந்தையோட வயிறு," என்றாள் தாட்சாயிணி. "அத இதுல ஒட்டக்கூடாது."

கோபி ரேகாவைப் பார்த்தான். "மறைஞ்சு கீறத வர வைக்க முடியாதுக்கா. ஒண்ணு வேணா பண்றேன். மெஷின வெட்டிட்டு உங்க மொகத்த மட்டும் பெருசா போட்டுத் தரேன். நல்லா சிரிச்சிகினு கீறீங்க." சொல்லிக்கொண்டே படத்தை வெட்டும் கோட்டைத் திரையில் மேலே இழுத்தான். கோடு படத்தின் அடியிலிருந்து மெல்ல ஏறி, மெஷினின் மாலையைத் தாண்டி வந்தது.

"வெட்டாத தம்பி. அதுக்குப் பின்னாலதான் கீது."

சொல்லிவிட்டு மேசைக்கு மேல் எட்டி, திரையில் மெஷின் இருந்த இடத்தில் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள்.