ரெண்டும் நல்ல வண்டிதான் சார்

மோட்டார் சைக்கிள் விற்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: வந்தவருக்கு எந்த வண்டி சரி என்று நமக்குத் தெரியும், எந்த வண்டி இன்று வெளியே போயாக வேண்டும் என்று மேனேஜருக்குத் தெரியும். புடவைக் கடையிலும் செல்போன் கடையிலும் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவெறும்பூர் பக்கம், தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ஷோரூமில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் நிறையப் பேர். அவர்களை விடுங்கள். நன்றாகத் தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்ட ஒரு நாள் உண்டு. அதில் ஒருவருக்குக் கால் போயிற்று.

விழுவதற்கு ஒரு வண்டி

மண் பாதைக்கென்று எங்களிடம் இரண்டு வண்டிகள். ஒன்று ஒல்லி, உயரம், எடை குறைவு. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். இன்னொன்று அகலமான டேங்க், பெரிய இன்ஜின், சுற்றிலும் இரும்புக் கம்பி. கண்ணாடிக் கதவைத் திறந்து வருகிற யாரும் முதலில் போய் நிற்பது பெரியதன் பக்கத்தில்தான். நின்றதும் எதிர்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வார்கள். அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

துவாக்குடி ஹாஸ்டலிலிருந்து ஓர் இன்ஜினீயரிங் மாணவர் வந்தார். மணல், சேறு, மேடு பள்ளம் எல்லாவற்றிலும் ஓட்டப் பழக வேண்டுமாம். கை மட்டும் பெரிய வண்டியைத் தடவிக்கொண்டே இருந்தது. பழகுகிறவர் ஒரு காலைப்பொழுதில் பத்துத் தடவை விழுவார், பத்துத் தடவையும் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும், மூன்றாவது தடவையிலேயே இடுப்பு விட்டுப்போனால் அன்றைக்குப் பழகியது அவ்வளவுதான் என்றேன். திருவெள்ளறைப் பக்கம் ஒரு தரிசில் அந்தச் சின்ன வண்டியோடு விழுந்து விழுந்துதான் நானும் பழகினேன் என்று முழங்கைத் தழும்பைக்கூடக் காட்டினேன். லேசான வண்டி நம் தப்பை உடனே காட்டிக்கொடுக்கும், உடனே மன்னித்தும் விடும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அக்கா, நான் ஓட்டுறதுக்கு வண்டி கேக்குறேன். நீங்க விழறதுக்கு வண்டி காட்டுறீங்க."

கொசு வண்டி

அன்வர் பாய் பாலக்கரைக்காரர். பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் டிரைவராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே வெள்ளிக்கிழமைகளில் பாலைவன மணலில் பையன்கள் எழுந்து நின்றபடி வண்டி ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. நாற்பத்து நான்கு வயது, சர்க்கரை உண்டு, எல்லாவற்றையும் அவரே சொன்னார். நேராகச் சின்ன வண்டியிடம் போய் உட்கார்ந்தார். எனக்கு ஆச்சரியமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

கூட வந்த மைத்துனருக்குத்தான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு இந்தக் கொசு வண்டியிலா தெருவில் போவது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தார். பெரிய வண்டி எங்கள் ஷோரூமில் ஐந்து மாதமாக நகராமல் நின்றது. மேனேஜர் மேஜைக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்வர் பாய் மைத்துனரை ஒரு கையால் அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். நீங்க சொல்லுங்க தங்கச்சி, எனக்கு எது சரி என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் மேனேஜரைப் பார்த்தேன். பிறகு, "ரெண்டும் நல்ல வண்டிதான் சார்" என்றேன்.

அவ்வளவுதான், மைத்துனர் ஜெயித்துவிட்டார். செல்போன் மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்றை ஹேண்டில்பாரில் இலவசமாகப் பொருத்திக் கொடுத்தோம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்காமல், பாய் வீட்டு வழக்கப்படி துஆ ஓதி, வண்டியை எடுத்துப் போனார்கள். அவர்கள் போனதும் மேனேஜர் எனக்குக் காபி வரவழைத்தார். அவர் சொன்னது: "இன்னைக்குத்தாம்மா நீ சேல்ஸ் கத்துக்கிட்டே."

கொள்ளிடத்து மணல்

மூன்றாவது வாரம். நல்ல வெயிலில் அன்வர் பாய் தனியாகக் கொள்ளிடத்தில் இறங்கியிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் முன்சக்கரம் மணலில் புதைந்து வண்டி வலது பக்கம் சாய்ந்துவிட்டது. கால் அடியில். கெண்டைக்காலின் மேல் கொதிக்கிற சைலென்ஸர். அந்தக் கனத்தைப் படுத்த நிலையில் யாராலும் அசைக்க முடியாது. சின்ன வண்டியாக இருந்தால் மறு காலால் உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். இது எனக்கு விற்ற அன்றும் தெரியும், அதற்கு முன்னாலும் தெரியும்.

போன் நாங்கள் கொடுத்த ஸ்டாண்டில் இருந்தது. கைக்கு எட்டவில்லை. மைத்துனர் நாலைந்து தடவை கூப்பிட்டாராம், கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். ஆடு மேய்க்கிற இரண்டு பேர் பார்த்துத் தூக்கியபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நசுங்கியதோடு தீக்காயம், அதோடு சர்க்கரை. புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரி நிறுத்தம் வரைக்கும் போனேன், இறங்காமல் அப்படியே சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பி வந்துவிட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. மினி லாரியில் போய் மணலிலிருந்து வண்டியை எடுத்து வந்தவன் எங்கள் மெக்கானிக் செந்தில். அவன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, நான் வண்டிக்காகத்தான் கலங்கி நிற்கிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னான்: "வண்டிக்கு ஒண்ணுமே இல்லக்கா. பிரேக் லீவர் ஒண்ணு மாத்தினாப் போதும்."

சாய்த்து வைத்த வண்டி

அதற்குப் பிறகு நானாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பெரிய வண்டியில் மண் பாதை பழகப்போகிறேன் என்று யார் வந்தாலும் ஷோரூமுக்குப் பின்னால் கூட்டிப்போய், பழைய மெத்தையின் மேல் வண்டியைச் சாய்த்து வைத்து, தனியாகத் தூக்கச் சொல்வேன். எப்படித் தூக்குவது என்று முதலில் நானே தூக்கிக் காட்டுவேன். முடிந்தால் பில் போடலாம். முடியாவிட்டால் சின்ன வண்டி. பெரும்பாலானோர் முதுகைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார்கள். ஒருவரும் வரவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மூன்று தடவை முயன்றார், வண்டி ஒரு சாண் எழும்பி மறுபடி படுத்துக்கொண்டது. இவர் எங்கேயாவது விழுந்தால் நான் வண்டியைத் தூக்குவதா இவரைத் தூக்குவதா என்று அந்த அம்மாள் கேட்டார். மனைவி முன்னால் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகக் கணவர் மேனேஜரிடம் புகார் சொல்லிவிட்டு, வேறு கடைக்குப் போய் அதே கனத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, அலுப்பாகத்தான் பேசினார்: "உன்னை ஸ்கூட்டர் பக்கம் போடுறேன்மா. அங்க வர்றவங்க விழறதுக்கு வர மாட்டாங்க."

பக்கச் சக்கரம்

ஸ்கூட்டர் பிரிவில் எனக்கு நாலாவது மாதம். கதவைத் திறந்துகொண்டு அன்வர் பாய் வந்தார், அக்குளில் ஒரு கட்டை. மைத்துனர் வெளியே ஆட்டோவிலேயே இருந்துவிட்டார். இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வேண்டும் என்றார். நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், விலைப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு எனக்கு எது சரின்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

எத்தனையோ பதில்களை ராத்திரிகளில் யோசித்து வைத்திருந்தேன். தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க சொல்லியிருந்தாலும் மச்சான் பேச்சைத்தான் கேட்டிருப்பேன் தங்கச்சி. ஆனா அப்ப அது என் தப்பா இருந்திருக்கும்."

அன்று அவருக்குச் சரியான ஸ்கூட்டரைத்தான் காட்டினேன், மறுபேச்சில்லாமல் அதையே எடுத்துக்கொண்டார்; வாடிக்கையாளர் ஒருவர் நான் சொன்ன வண்டியை அப்படியே வாங்குவதற்கு ஒரு கால் செலவாகியிருக்கிறது.