முழுப் பலகைக் கதவு வேண்டாம் என்றேன்

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. உங்களைப் பயமுறுத்திப் பார்க்கும் ஆசையும் எனக்கு இல்லை. இன்றுவரை எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

நாங்கள் வாங்கியது பழைய வீடு. முதலில் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தவர் என் வீட்டுக்காரர். ஒரு வாரம் கழித்து நான் போனேன். நடைவழியின் கடைசியில், ஓர் ஆள் நெருக்கி நிற்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை. உள்ளே, வீடு முழுவதற்கும் குளிர்காற்று அனுப்பும் ஏசி இயந்திரம். நிலை இருந்தது, கதவு இல்லை.

"கரையான் அரிச்சிருந்துது. கழட்டிட்டேன்" என்றார்.

ஏசியைச் சரிபார்க்க வந்தவர் தெளிவாகச் சொன்னார்: "லூவர் கதவு போடுங்கம்மா. சாய்ஞ்ச பட்டை வெச்சது. இந்த மெஷின் கதவு வழியாத்தான் காத்தை இழுக்கும். முழுப் பலகை போட்டா அதுக்கு மூச்சு முட்டும். கதவையே உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும்."

அதையே நான் என் வீட்டுக்காரரிடம் பத்துத் தடவை சொன்னேன்.

"கதவுக்கு எதுக்குடி ஜன்னல்? சத்தம் வரும், தூசி வரும்."

"மெஷினுக்கு மூச்சு முட்டும்ங்க."

"உன்கூடப் பேசினா எனக்கும்தான் முட்டுது. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நான் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து முழுப் பலகைக் கதவை மாட்டிவிட்டார். இடுக்கே இல்லாமல் சுற்றிலும் ரப்பர் பட்டை. எங்கள் ஐந்து வயது மகளுக்கு எட்டாத உயரத்தில், வெளியே ஒரு தாழ்ப்பாள். என்னைக் கேட்காமல் செய்ய, நான் இந்த வீட்டில் வாடகைக்கா இருக்கிறேன்? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் 3:10க்குச் சத்தம் ஆரம்பித்தது. கதவின் அடியிலிருந்து மெல்லிய விசில்... ஸ்ஸ்ஸ்... நின்றது. மறுபடி... ஸ்ஸ்ஸ்... காற்றுக்குத் தவிக்கும் இயந்திரம் என்று நினைத்தேன். ஆனால் இயந்திரம் விடாமல் இழுக்கும். இது விட்டு விட்டு இழுத்தது.

மறுநாளும் 3:10. திறந்து பார்த்தேன். யாருமில்லை. கதவின் உட்புறம் வேர்த்திருந்தது. அந்த ஈரத்தில், என் இடுப்பு உயரத்தில், ஒரு சின்னக் கைத்தடம்.

மகளைக் கூப்பிட்டு அதட்டினேன். அவள் தன் கையை அதன்மேல் வைத்துக் காட்டினாள்.

தடம் அவள் கையைவிடப் பெரியது.

அலுவலகத்திலிருந்த அவருக்கு போன் செய்தேன். "அந்த ரூமுக்குள்ள என்னமோ இருக்குங்க."

"தாழ்ப்பாள் போட்டு வை. திறக்காத."

என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. 3:04க்கு மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். 3:10... விசில் வரவில்லை. அதுதான் உறுத்தியது.

3:12. கூடத்தில் கிரேயான்கள் மட்டும் கிடந்தன.

வாசல் பூட்டியிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

நடைவழிக்கு ஓடினேன். ஏசி அறையின் தாழ்ப்பாள் போட்டிருந்தது. என் தலை உயரத்தில். வெளியே.

உள்ளே... டக். டக். டக்.

"அம்மா..."

தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு இழுத்தேன். கதவு அசையவில்லை. இயந்திரம் பிடித்திழுக்கிறது! ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். 3:14. இரைச்சல் அடங்கியது.

கதவு வரவில்லை.

இயந்திரம் நின்ற பிறகும்... ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

என் பயம் எங்கே போனதோ தெரியாது.

"யாரா இருந்தாலும் சரி... என் பிள்ளைய விடு!"

நிலையில் காலை ஊன்றி இழுத்தேன்.

திறந்தது.

சூடான ஒரு மூச்சு... நீளமாக... என் முகத்தில்.

மகள் வேர்வையில் நனைந்து, உதடு வெளுத்துக் கிடந்தாள். வாரி எடுத்தேன். மூச்சு இருந்தது.

"அக்காதாம்மா கதவத் தட்டினா. அவளுக்குக் காத்தே வரலையாம்."

"யாருடி சாத்தினது? அவளா?"

"இல்ல... அக்காவும் உள்ளதான் இருந்தா."

மாலை 6:30க்கு அவர் வந்தபோது, நான் கழற்றிய கதவு தரையில் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் இன்னும் என் கையில்.

"உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கே முன்பு இருந்ததே பட்டைக் கதவுதானாம். முதல் நாள் பார்க்கப் போனபோது, பட்டைகளுக்கு நடுவே நாலு விரல்கள் தெரிந்தனவாம். சின்ன விரல்கள். இவர் பார்த்ததும் உள்ளே போய்விட்டனவாம்.

"முழுசா மூடிட்டா கண்ணுல படாதுன்னு நினைச்சேன்டி..."

"உங்க கண்ணுல படாது. உள்ள இருக்கறவ என்ன பண்ணுவா? தெரிஞ்சே என் பிள்ளைய இங்க படுக்க வெச்சீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பனா?"

அப்படி நான் கத்தியதே இல்லை.

பழைய கதவு மொட்டைமாடியில் சாய்த்து வைத்திருந்தது. ஒரு கரையான் ஓட்டைகூட இல்லை. மறுநாள் காலையில் தெருமுனைத் தச்சரைக் கூட்டி வந்தேன். கதவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. புதுக் கதவிலிருந்து கழற்றி எடுத்து வந்த தாழ்ப்பாள் அவர் கையில் இருந்தது.

"அட, இது நான் செஞ்சதும்மா! தாழ்ப்பாள் பழையபடி வெளியிலயே வெச்சிடவா?"

"ஏசி வெச்சப்ப செஞ்சீங்களாண்ணே?"

"ஏசியா? அது வந்தது ஆறு வருஷம் கழிச்சு. அப்ப அங்க வெறும் அறைதான். காத்து போகணும், தாழ்ப்பாள் வெளியில இருக்கணும்னாரு அப்ப இருந்தவரு. நாய் வளர்க்கப் போறாரு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பேசிக்கொண்டே கதவைத் திருப்பினார். இடுப்பு உயரத்தில் இருந்த ஒரு பட்டையில் அவர் விரல் நின்றது. உள்பக்க விளிம்பில், பக்கத்தில் பக்கத்தில், நாலு இடம் மட்டும் சின்ன விரல் அளவுக்கு வழவழவென்று குழிந்திருந்தது.

"நேரா இழைச்சுத்தானே குடுத்தேன்..." என்றார். "இது எப்படித் தேய்ஞ்சுது?"

அவர் கையிலிருந்த தாழ்ப்பாளைப் பிடுங்கித் தெருவில் வீசினேன்.